கருவிகளோடு கற்ற சரபோஜி மகாராஜா

முகவுரை

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் நாட்டில் எழுத்தறியாப் பாட்டிமாரும் அறிந்த உண்மை. ஆயினும், அறிவியல் என்னும் பாடத்தில் மட்டும் அவ்வுண்மையை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம். காந்தத்தைக் கையால் தொடாமலே அதன் இயல்புகளை மனப்பாடஞ் செய்த மாணவரும், ஒரு மலரையேனும் பிரித்துப் பாராமலே அதன் உறுப்புக்களை எண்ணிக் கூறும் மாணவரும் நம்மிடையே பலர் உளர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொள்ளைநோயை முன்னிட்டுப் பள்ளிகள் யாவும் அடைக்கப்பட்டபோது, சங்கரன்கோவிலில் நாம் வாழும் தெருவில் ஒவ்வொரு வீடும் ஒரு பள்ளிக்கூடமாயிற்று. தறியோசைக்கு நடுவே பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன்னும் கைப்பேசியின் முன்னும் அமர்ந்து பாடங் கேட்டனர். சொற்கள் வீட்டிற்குள் வந்தன; பொருள்கள் வரவில்லை. அக்காலத்துக்குப் பின்னர், தம் மக்களை இல்லத்திலேயே கற்பிக்க விரும்பிய பெற்றோர் சிலர் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர். கருவிகளும் சோதனைச் சாலையும் இல்லாத வீட்டில் அறிவியலைக் கற்பிப்பது எங்ஙனம் என்பதே அவ்வினா. அதற்கு நேரான விடையாக, பள்ளிக்கூடம் சென்றறியாது, தாம் வாழ்ந்த இல்லத்தையே கருவிச்சாலையாக்கிக் கொண்ட ஒருவரின் சரிதத்தை இங்கே சுருக்கமாகக் கூறப் புகுகின்றோம். அவர் தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னருள் ஒருவராகிய இரண்டாம் சரபோஜி மகாராஜா ஆவார்.

அரசருக்கு இல்லம் அரண்மனையன்றோ, அவர் வாழ்வு ஏழை நெசவாளர் வீட்டுக்கு எங்ஙனம் பொருந்தும் என்று நம் வாசகர் ஐயுறலாம். அவ்வையம் நியாயமானதே. அதற்குரிய சமாதானத்தை இறுதியில் கூறுவோம்.

பிறப்பும் சிறையிருப்பும்

சரபோஜி 1777ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 24ஆம் நாள் போன்ஸ்லே குலத்திற் பிறந்தார். அக்காலத்தில் தஞ்சையை ஆண்ட துளஜா மன்னர் தமக்குப் பின் அரசாளப் புதல்வர் இல்லாமையால், 1787ஆம் ஆண்டில் இச்சிறுவரைச் சுவீகாரமாக எடுத்துக்கொண்டார். சின்னாட்களில் அம்மன்னர் காலஞ்சென்றார். தாம் இறக்குமுன், சிறுவரைப் பாதுகாக்கும் பொறுப்பைத் தஞ்சையில் வாழ்ந்த ஜெர்மானிய மிஷனரியாகிய சுவார்ட்ஸ் ஐயரிடம் ஒப்புவித்தார். அப்பொழுது சிறுவருக்கு வயது ஒன்பதே.

துளஜா மன்னரின் சகோதரராகிய அமர்சிங் என்பவர், சுவீகாரம் சாஸ்திரப்படி செல்லாது என்று பண்டிதர் சிலர் கூறியதைக் கொண்டு தாமே சிங்காதனம் ஏறினார். பட்டத்துக்குரிய சிறுவரோ அரண்மனையிற் காவலில் வைக்கப்பட்டார். உணவும் உடையும் கொடுத்தோர் கல்வியைக் கொடுக்க மறுத்தனர். அரசுரிமை கோரக்கூடிய ஒருவன் அறிவிலியாய் இருப்பதே தமக்கு நலம் என்று பகைவர் எண்ணினர் போலும். வாளால் செய்ய அஞ்சிய காரியத்தை அறியாமையால் செய்து முடிக்கலாம் என்று கருதுவோர் எக்காலத்தும் உண்டு.

இதே ஆண்டுகளில் உலகின் மறுபுறத்தில் நிகழ்ந்ததையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1789ஆம் ஆண்டில் பாரிசு நகரில் லவாசியர் என்னும் பேரறிஞர், இரசாயன சாஸ்திரத்தைப் புதிய அடிப்படையில் நிறுத்திய தமது நூலை வெளியிட்டார். ஒரு பொருள் எரியும்போது அது காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடுகின்றது என்பதனைத் தராசு கொண்டு நிறுத்துக் காட்டியவர் அவர். அந்நூல் வெளிவந்தபோது நம் சரபோஜி தஞ்சை அரண்மனையில் பாடமின்றி அடைபட்டிருந்தார். பின்னாளில் அவ்வறிஞரின் கொள்கைகளைத் தம் நாவால் எடுத்துரைக்கும் அளவுக்கு அவர் உயர்ந்தமையே இச்சரிதத்தின் வியப்பு.

ஆசிரியர் வாய்த்தமை

சுவார்ட்ஸ் ஐயர் நம் திருநெல்வேலிச் சீமைக்கு அந்நியரல்லர். 1778ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைக்கு வந்து குளோரிந்தா அம்மையாருக்கு ஞானஸ்நானம் அளித்தவரும், அவ்வம்மையார் கட்டிய ஆலயத்தை 1785ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்தவரும் அவரே. அவர் 1726ஆம் ஆண்டிற் பிறந்து, 1750ஆம் ஆண்டில் தரங்கம்பாடியில் வந்திறங்கியவர். தமிழும் மராட்டியும் பாரசீகமும் பயின்றவர். ஹைதர் அலியிடம் கும்பினியார் தூது விடுத்தபோது நம்பத்தக்கவர் என்று தெரிந்தெடுக்கப்பட்டவரும் அவரே.

இளவரசர் படும் துன்பத்தை அறிந்த ஐயர் வாளாவிருந்தாரில்லை. சென்னை அரசாங்கத்தாருக்கு மீண்டும் மீண்டும் எழுதினார். சிறுவரின் உயிருக்குப் பாதுகாப்பு மட்டுமன்றி, அவருக்குக் கல்வியும் வேண்டுமென வற்புறுத்தினார். அம்முயற்சியின் பயனாக 1793ஆம் ஆண்டில் சரபோஜி, துளஜா மன்னரின் தேவியரோடு சென்னைக்கு அனுப்பப்பட்டார். ஆங்கு கெரிக்கே ஐயர் அவருக்கு ஆசிரியரானார். பதினைந்து வயதுவரை தடைப்பட்டிருந்த கல்வி, மடை திறந்த வெள்ளம்போல் பாய்ந்தது. பள்ளியும் வகுப்பும் அவருக்கில்லை. ஓர் ஆசிரியரும் ஒரு மாணவருமாக இல்லத்தில் நடந்த கல்வியே அது.

ஐயரிடத்துக் கல்வி பெற்ற பிறிதொருவரையும் இங்கே குறித்தல் வேண்டும். 1774ஆம் ஆண்டில் திருநெல்வேலியிற் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு ஐயரின் மாணவரானார். ஒருவர் மராட்டிய இளவரசர். மற்றவர் தென்பாண்டிச் சீமையின் தமிழ்க் கிறிஸ்தவச் சிறுவர். ஒரே கையிலிருந்து இருவரும் அறிவு பெற்றனர். அதன் பலனைப் பின்னர்க் காண்போம்.

1798ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13ஆம் நாள் சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் மறைந்தார். சரபோஜி அவரது உடலைக் கண்டு கண்ணீர் சொரிந்து, அடக்கம் வரை உடனிருந்தார். பின்னர் இங்கிலாந்தின் புகழ்பெற்ற சிற்பியாகிய பிளாக்ஸ்மன் என்பவரைக் கொண்டு சலவைக்கல்லில் ஒரு நினைவுச் சின்னம் செய்வித்தார். மரணப் படுக்கையிலுள்ள ஆசானின் கையை மன்னர் பற்றி நிற்கும் அக்காட்சியைத் தஞ்சைச் சிவகங்கைக் கோட்டையிலுள்ள ஆலயத்தில் இன்றுங் காணலாம். மன்னர் தம் வாழ்நாள் முழுவதும் தம் முன்னோரின் சமயத்திலேயே நிலைத்திருந்தார். ஆயினும் கற்பித்தவரை மறந்தாரில்லை.

முடியும் உடன்படிக்கையும்

அதே 1798ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சரபோஜி அரியணை ஏறினார். மறு ஆண்டிலேயே, 1799ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், கும்பினியாரோடு செய்த உடன்படிக்கையால் நாட்டின் ஆட்சி முழுதும் அவர் கையை விட்டு நீங்கிற்று. தஞ்சைக் கோட்டையும், ஆண்டுக்கு ஒரு லட்சம் வராகனும், நாட்டின் நிகர வருவாயில் ஐந்திலொரு பங்குமே அவருக்கு எஞ்சின. படையில்லை, வரி விதிக்கும் உரிமையில்லை. இருபத்திரண்டு வயதில் வேலையற்ற அரசரானார் என்றே சொல்லலாம்.

இத்தகைய நிலையில் வேறு பலர் வேட்டையிலும் கேளிக்கையிலும் பொழுதைக் கழித்திருப்பர். சரபோஜி தமக்கு எஞ்சிய பொருளிற் பெரும்பகுதியைக் கல்விக்குச் செலவிட்டார். இளமையில் தமக்கு எது மறுக்கப்பட்டதோ அதனையே அவர் வாழ்நாள் முழுவதும் தேடினார் என்பது நம் துணிபு.

அரண்மனைக் கருவிச்சாலை

தஞ்சையில் ரெசிடெண்டாக இருந்து தாய்நாடு திரும்பிய பெஞ்சமின் டாரின் என்பவர், மன்னர் விரும்பிய நூல்களையும் கருவிகளையும் இலண்டனிலிருந்து வாங்கிக் கப்பலில் அனுப்பி உதவினார். நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் பல மாதங்கள் கடலிற் கிடந்து அவை வந்து சேர வேண்டும். கடிதம் எழுதி ஒரு கண்ணாடிக் குடுவைக்கு ஓராண்டு காத்திருந்த அம்மன்னரின் பொறுமையை, கேட்டது மறுநாளே வாசலுக்கு வரும் இக்காலத்தில் நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

1826ஆம் ஆண்டில் ஹீபர் அத்தியட்சர் தஞ்சைக்கு வந்தபோது, மன்னர் தம் நூலகத்தைத் தாமே காட்டினார். காற்றை வெளியேற்றும் பம்பு, மின்சாரம் உண்டாக்கும் யந்திரம், வான நூற் கருவிகள், தந்தத்தாற் செய்த மனித எலும்புக்கூடு, நாணயத் தொகுதி, உலர்த்தி ஒட்டப்பெற்ற செடிகளின் தொகுதி ஆகியவை ஆங்கிருந்தன. லவாசியர், ஃபூர்க்ருவா ஆகிய இரசாயன நூலாரையும், லின்னேயு, பஃபன் ஆகிய இயற்கை நூலாரையும் மன்னர் தடையின்றி எடுத்துப் பேசியது கண்டு வந்தோர் வியந்தனர்.

இக்கருவிகளின் தன்மையைச் சிறிது விளக்குவோம். காற்றுப் பம்பில் ஒரு கண்ணாடிக் கூண்டும், அதனோடு குழாயால் இணைந்த பித்தளை உருளையும் உண்டு. உருளையினுள்ளிருக்கும் தண்டை மேலும் கீழும் இயக்குந்தோறும், ஒருபுறமே திறக்கும் வால்வுகளின் வழியாகக் கூண்டிலுள்ள காற்று சிறிது சிறிதாக வெளியேறும். கூண்டினுள் மணியடித்தால் ஓசை படிப்படியாக மங்கும். வாய்கட்டிய சுருங்கிய பை தானே உப்பும். எரியும் விளக்கு அணையும். காற்று என்பது வெற்றிடமன்று, அழுத்தமுடைய ஒரு பொருள் என்பதை இதனினும் தெளிவாகக் காட்ட வல்லது எது?

மின் யந்திரத்தில் கண்ணாடிச் சக்கரமோ உருளையோ கைப்பிடியாற் சுழலும். தோலாலாகிய திண்டு அதன்மீது உராயும். உராய்வில் எழும் மின்னூட்டத்தை உலோகத் தண்டு திரட்டும். விரலை அருகே நீட்டினால் பொறி பறக்கும். வானத்து மின்னலும் இதுவே என்பதை மாணவன் அங்கே உணர்வான்.

தந்தத்தாலாகிய எலும்புக்கூட்டின் பொருத்தத்தையும் கவனிக்க வேண்டும். இறந்தோர் எலும்பைத் தொடுதல் தீட்டு என்று கருதப்பட்ட அரண்மனையில், தந்த உருவத்தைத் தொடுவதற்குத் தடை சொல்வார் யார்? வழக்கத்தோடு போர் தொடுக்காமலே அறிவுக்கு வழி கண்ட நுட்பம் இது என்று எண்ணுகின்றோம்.

மருத்துவமும் மூலிகையும்

கருவிகளைக் கண்டு மகிழ்வதோடு மன்னர் நின்றுவிடவில்லை. தன்வந்திரி மஹால் என்னும் மருத்துவ நிலையத்தை நிறுவி, நம் நாட்டு வைத்தியமுறைகளையும் ஐரோப்பிய முறைகளையும் ஒருங்கே ஆராயச் செய்தார். அங்குத் தொகுக்கப்பட்ட முறைகள் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் பெயரால் பின்னர் அச்சேறின. கண்ணோயில் அவருக்குத் தனிப்பட்ட ஊக்கம் இருந்தது. நோயாளரின் கண்களை வண்ணத்தில் வரைந்து, நோயின் தன்மையையும் செய்த சிகிச்சையையும் பக்கத்தில் எழுதிவைத்த குறிப்பேடுகள் சரசுவதி மஹால் நூல்நிலையத்தில் இன்றும் உள்ளன.

கண்டதை அன்றே எழுதுதல், எழுத்தாற் கூறமுடியாததைப் படமாக வரைதல் என்னும் இவ்விரண்டுமே அறிவியற் பயிற்சியின் உயிர்நிலை. பொன்னாலாகிய கருவியிருந்தும் குறிப்பேடு இல்லையேல் அது விளையாட்டு. ஓட்டைக் குவளையிருந்தும் குறிப்பேடு இருந்தால் அது ஆராய்ச்சி.

செடிகளின் தொகுதியும் அத்தகையதே. ஒவ்வொரு மூலிகையையும் உலர்த்தித் தாளில் ஒட்டி வைத்ததோடன்றி, அதன் மருத்துவக் குணத்தையும் மன்னர் நன்கறிந்திருந்தார். இதற்கு இலண்டனிலிருந்து கப்பல் வரவேண்டுவதில்லை. வேலியோரத்துத் தும்பையும் துத்தியுமே போதும்.

பள்ளியும் அச்சும் குறவஞ்சியும்

தாம் பெற்ற இன்பம் பிறரும் பெறல் வேண்டுமென மன்னர் நவவித்யா கலாநிதி சாலை என்னும் கல்விச்சாலையை ஏற்படுத்தினார். வேத சாஸ்திரங்களோடு மொழிகளும் புதிய அறிவியல்களும் கைத்தொழில்களும் அங்குப் பயிற்றப்பட்டன. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் பெயரால் அமைத்த சத்திரத்தில் அன்னதானத்தோடு கல்வியும் அளிக்கப்பட்டது. கண்ணந்தங்குடியில் ஏழைக் கிறிஸ்தவப் பிள்ளைகளின் கல்விக்கும் உணவுக்கும் அறக்கட்டளை செய்தார். 1805ஆம் ஆண்டில் தேவநாகரி எழுத்துக்களோடு அச்சுக்கூடம் ஒன்றை அரண்மனையில் நிறுவி, அடுத்த ஆண்டிலேயே ஈசாப்பு கதைகளை மராட்டியில் அச்சிடுவித்தார்.

கருவிகள் எல்லோர் கைக்கும் எட்டா என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும். தேவேந்திர குறவஞ்சி என்னும் மராட்டி நாடகத்தை அவர் இயற்றினார். குறி சொல்லும் குறத்தி தன் மலைவளம் கூறுதல் குறவஞ்சியின் மரபு. இங்கோ குறத்தி உலகின் கண்டங்களையும் நாடுகளையும் வருணிக்கின்றாள். பூகோள பாடம் ஆட்டமும் பாட்டுமாக அரங்கேறிற்று. அவரோடு ஒரே ஆசானிடம் பயின்ற வேதநாயகம் சாஸ்திரியாரும், தமது பெத்லகேம் குறவஞ்சியில் பூகோளத்தையும் வான நூலையும் தமிழில் அமைத்துப் பாடினார். ஒரே விளக்கில் ஏற்றிய இரு திரிகள் இரு மொழிகளில் ஒளி வீசின.

மறைந்தவையும் நிலைத்தவையும்

சரபோஜி 1832ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 7ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் மைந்தர் சிவாஜி மன்னர் 1855ஆம் ஆண்டில் ஆண் வாரிசின்றி இறக்கவே, தஞ்சை அரச பதவியும் அத்தோடு முடிந்தது.

புகழ்ந்து கூறுவதோடு நில்லாமல், உண்மையையும் நாம் கூறக் கடமைப்பட்டுள்ளோம். அரண்மனைக் கருவிகளைக் கையால் தொட்டவர் சிலரே. காவிரிக் கரையில் ஏர் பிடித்தோர் மக்களுக்கு அவை எட்டவேயில்லை. அவற்றைப் பழுது பார்க்கவும், அவை போன்றவற்றை இங்கேயே செய்யவும் வல்ல ஒரு தொழிற்பரம்பரை எழவில்லை. ஆதலின் புரவலர் மறைந்ததும் அவ்வூக்கமும் தணிந்தது.

நிலைத்தவை எவை? 1820ஆம் ஆண்டை ஒட்டி மேற்கொண்ட காசி யாத்திரையில் அவர் தேடிச் சேர்த்த சுவடிகளும், ஐரோப்பிய மொழிகளில் வாங்கி ஆங்கிலத்தில் தம் கையொப்பமிட்டு வைத்த ஆயிரக்கணக்கான நூல்களும் நிலைத்தன. 1918ஆம் ஆண்டில் சரசுவதி மஹால் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. கதவு திறந்த பகுதி வாழ்ந்தது. கதவு மூடிய பகுதி மங்கிற்று. அரசரின் வாழ்விலிருந்து வீட்டில் கற்பிப்போர் கொள்ள வேண்டிய பாடங்களுள் தலையாயது இதுவே.

முடிவுரை

முதலில் எழுப்பிய ஐயத்துக்கு இப்பொழுது விடை கூறுவோம். அரசரிடமிருந்த பொருள் நம்மிடமில்லை. ஆனால் அவர் கருவிகள் காட்டிய உண்மைகள் யாவும் நம் வீட்டிலும் உள்ளன.

ஒரு கண்ணாடிக் குவளையில் நீரை விளிம்புவரை நிரப்பி, கெட்டி அட்டையால் மூடி, அட்டையைக் கையால் தாங்கிக் கவிழ்த்துப் பின் கையை எடுத்துவிட்டால் நீர் கொட்டாது. காற்றின் அழுத்தம் அட்டையைத் தாங்குகின்றது. பம்பு காட்டிய உண்மை இதுவே. காய்ந்த கோடைநாளில் பிளாஸ்டிக் சீப்பை உலர்ந்த தலைமயிரில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளின் அருகே காட்டினால் அவை துள்ளி ஒட்டும். மழை காணாத நம் சங்கரன்கோவில் வெயில் இச்சோதனைக்கு மிகவும் ஏற்றது. எரியும் மெழுகுவர்த்தியைக் குவளையால் மூடினால் சிறிது நேரத்தில் அணையும். பிராணவாயு முற்றும் தீர்ந்ததனால் அன்று, எரிதற்கு வேண்டிய அளவினுங் குறைந்ததனால் அது அணைகின்றது என்று பிள்ளைக்குச் சரியாகச் சொல்லல் வேண்டும். பெரியோர் உடனிருந்தே இதனைச் செய்தல் வேண்டும்.

இரண்டு தேங்காய்ச் சிரட்டையும் ஒரு கோலும் நூலும் தராசாகும். ஆவாரம்பூவையும் குப்பைமேனி இலையையும் பழைய செய்தித்தாள்களுக்கிடையே வைத்து மேலே பாரமேற்றி, நாள்தோறும் தாளை மாற்றி வந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் உலரும். தாளில் ஒட்டி, ஊர்ப் பெயரும் கண்ட இடமும் நாளும் எழுதினால் மன்னரது தொகுதிக்கு ஒப்பாகும். அரளி, ஊமத்தை முதலிய நச்சுச் செடிகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். நெசவாளர் இல்லத்திலோ கருவிகளுக்குக் குறைவேயில்லை. சக்கரமும் நெம்புகோலும் பற்சக்கரமும் இயங்கும் நிலையிலேயே தறியில் உள்ளன. மின்விசை நிறுத்தியபின் தந்தையார் அவற்றைப் பெயர் சொல்லிக் காட்டினாற் போதும்.

உருப்பெருக்கிக் கண்ணாடி, காந்தம், வெப்பமானி போன்ற சிலவற்றை மட்டும் விலை கொடுத்து வாங்க வேண்டும். அவற்றையும் ஒவ்வொரு வீட்டாரும் தனித்தனியே வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்தல் வேண்டா. தெருவுக்கு ஒரு பெட்டி இருக்கட்டும். இந்த வாரம் ஒரு வீட்டிலும் அடுத்த வாரம் மற்றொரு வீட்டிலும் அது தங்கட்டும். பள்ளி செல்லும் பிள்ளையும் வீட்டில் கற்கும் பிள்ளையும் ஒன்றாய்க் கூடி அதனைத் திறக்கட்டும். அரண்மனை செய்யத் தவறியதை நம் தெரு செய்ய இயலும்.

காவலில் அடைபட்டுக் கிடந்த ஒரு சிறுவருக்காக ஒருவர் விடாது வாதாடினார். அதன் பயனாகத் தஞ்சைக்கு ஒரு நூல்நிலையம் வாய்த்தது. நம் தெருவிலும் கற்கக் காத்திருக்கும் சிறுவர் பலர் உளர். அவர்கள் கையில் ஒரு காந்தத்தையேனும் வைப்பது நம் அனைவர்க்கும் கடனாகும்.